தட்டினால் பாட்டு நிற்கும்

ஊரெல்லாம் அந்தப் பாட்டை முணுமுணுக்க ஆரம்பித்தபோது எனக்கு முதலில் வந்தது எரிச்சல்தான். பயம் பிறகுதான் வந்தது.

'ஈரச்சுவர்' என்று ஒரு குழு இருப்பதே எங்களைத் தவிர ஒருவருக்கும் தெரியாமல் இருந்த காலம் அது. சைக்கிள் பழுதுபார்க்கும் கடைக்கு மேலே ஓர் அறை. நாற்காலி கிடையாது, காற்று கிடையாது, ரசிகர்கள் மொத்தப் பேரையும் ஒரு வேனில் அடைத்துவிடலாம். கிட்டாருக்கு ஒருவன், டிரம்ஸுக்கு ஒருவன், படுக்கை விரிப்பைத் திரையாகக் கட்டி அதற்குப் பின்னால் நின்று பாடுகிற ஒருத்தி. அவள் முகத்தை நாங்கள் யாரும் பார்த்ததில்லை. அடடா, என்ன ஸ்டைல் என்று பூரித்துப்போயிருந்தோம். மடச் சாம்பிராணிகள்.

என் இடம் கதவோரம். வீட்டுக்காரர் சத்தம் பொறுக்காமல் படியேறி வந்தால் நான் சாவியால் இரும்புக் கைப்பிடியில் தட்டுவேன். டக், டக், டடக். அந்த நொடியே பாட்டு நிற்கும். எங்கள் மூச்சும் நிற்கும். அவர் உள்ளே எட்டிப் பார்க்கும்போது தியான வகுப்பு மாதிரி உட்கார்ந்திருப்போம். முணுமுணுத்துக்கொண்டே இறங்கிப் போவார். அதற்குப் பிறகு விட்ட இடத்திலிருந்து பாட்டு தொடரும்.

ஒருநாள் எவனோ புண்ணியவான் பாட்டைப் பதிவுசெய்து வெளியே விட்டான். என் தட்டலும் அதில் விழுந்திருந்தது. ஒரு சோப்புக் கம்பெனியின் விளம்பரக்காரர்கள் அதை எடுத்து, தட்டலுக்குப் பிறகு இருந்த மௌனத்தை வெட்டி எறிந்துவிட்டு, இரண்டு துண்டையும் ஒட்டிவிட்டார்கள். இப்போது தட்டியதும் பாட்டு இன்னும் எகிறும். காய்கறிக்காரர் தராசில் தட்டுகிறார், வங்கியில் காசாளர் மேஜையில் தட்டுகிறார், என் சொந்த அம்மா தோசைக்கரண்டியால் தட்டுகிறாள்.

"நம்ம பாட்டுடி அது. இப்போ குளிக்கிறவன் எல்லாம் பாடுறான்" என்று பழைய ரசிகர்கள் கூடித் துக்க வீடு மாதிரி புலம்பினோம்.

நான் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பவள். போன வாரம் ஒரு பெண் கண் சோதிக்க வந்தாள். தடுப்புக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து பலகையில் இருந்த எழுத்துகளை ஒவ்வொன்றாகப் படித்தாள். நான் மெஷினை நிறுத்திவிட்டேன். அந்தக் குரலை எனக்குத் தெரியாதா? முதலாளி சாப்பிடப் போனதும் ஓடிப்போய்க் கேட்டேன்.

"அக்கா, திரைக்குப் பின்னாடி பாடுறது நீங்கதானே? கதவுகிட்ட தட்டுறது நான்தான்க்கா!"

மகிழ்ந்துபோவாள் என்று நினைத்தேன். அவள் முகத்தில் ரத்தமே இல்லை. என் கையைப் பிடித்துக்கொண்டாள். விரல்கள் சில்லென்று இருந்தன.

"சத்தமா சொல்லாதம்மா. பாட்டை வெளிய விடச் சொல்லி நான் கேக்கவே இல்ல. அவருக்கு என் குரல் தெரியும்."

"எவருக்கு?"

"கட்டினவருக்கு. கோவம் வந்தா என்னை அடிக்கமாட்டார். கண்ணாடியைப் பிடுங்கி உடைச்சிடுவார். அப்புறம் நான் எங்க போறது, சொல்லு? வாசல் எது, சுவர் எதுன்னே தெரியாது." மூக்கில் இருந்த பழைய கண்ணாடியைத் தொட்டாள். "இது கல்யாணத்துக்கு முன்னாடி போட்டது. இதை வச்சுக்கிட்டுத்தான் தடவித் தடவி ஓடி வந்தேன். ஆள் வர்றது தெரியும். யாருன்னு தெரியாது."

மைனஸ் பதினெட்டு பவர், அதிலும் ஒரு கண்ணுக்கு, பார்வை இரண்டாகத் தெரியாமலிருக்கப் பிரிசம் வைத்த லென்ஸ். எங்கள் கடையில் அப்படி ஒன்று வருஷத்துக்கு ஒருமுறை வந்தாலே அதிகம். நானே தேய்த்து ஃபிரேமில் உட்கார வைத்தேன். இன்று சாயங்காலம் வாங்கிக்கொள்வதாகச் சொல்லியிருந்தாள். போன் நம்பர் கேட்டதற்கு இல்லை என்றுவிட்டாள்.

இன்று மதியத்துக்கு மேல் ஒருவர் கடைக்கு வந்தார். தேய்த்த சட்டை, பணிவான பேச்சு. பையிலிருந்து கைக்குட்டையை எடுத்துப் பிரித்து மேஜையில் வைத்தார். உள்ளே இரண்டாக உடைந்த ஒரு கண்ணாடி.

"என் வீட்டுக்காரம்மாவோடது சார். இதே மாதிரி ஒண்ணு வேணும். பாவம், இது இல்லாம அவளுக்கு ஒண்ணுமே தெரியாது."

முதலாளி அதைப் பவர் பார்க்கும் மெஷினில் வைத்தார். அவர் முகம் மலர்ந்தது.

"அட! அப்படியே இதே பவர்! போன வாரம்தானே ஒண்ணு செஞ்சோம்?"

"அது வேற முதலாளி. அது பிளஸ் பவர்" என்றேன் அவசரமாக.

"எனக்கே பாடம் எடுக்குறியா? பிரிசம் வச்சு நீதானே தேய்ச்ச? அந்தம்மா கூட இன்னைக்கு வாங்க வருவாங்களே!"

மனுஷனுக்கு வாய் இருக்கிறதே, அதைப் பூட்ட ஒரு பூட்டு கிடையாது. வந்தவர் சிரித்தார்.

"ஏழெட்டுக் கடை ஏறி இறங்கிட்டேன் சார். ரேடியோவுல அந்தப் பாட்டுக் குழு இந்த ஊர்னு சொன்னாங்க. சரி, ஊர் தெரிஞ்சா போதும், கண்ணாடி போடாம எங்க போயிடப் போறான்னு நினைச்சேன். சொல்லாம வந்துட்டா. கோவக்காரி. சமாதானப்படுத்திக் கூட்டிட்டுப் போகணும்."

"குடும்பம்னா அப்படித்தான். உக்காருங்க, உக்காருங்க" என்றார் முதலாளி.

அவர் வாசலையொட்டிய நாற்காலியில் உட்கார்ந்தார். கடை முகப்புக் கண்ணாடி முழுக்க விளம்பரத் தாள் ஒட்டியிருக்கும். அங்கிருந்து தெருவைப் பார்க்க முடியாது. திறந்திருக்கும் கதவு வழியாகப் படியும் தெருவும் தெரிவது என் மேஜைக்கு மட்டும்தான்.

"முதலாளி, டீ வாங்கிட்டு வந்துடுறேன்."

"இப்பத்தானே குடிச்ச? வேலையைப் பாரு."

வந்தவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். அவசரமே இல்லாத பார்வை. "இருங்கம்மா. அவ வந்தா அடையாளம் சொல்ல ஆள் வேணாமா? உங்களுக்கு அவளை நல்லாவே தெரியும்போல." காலை நீட்டி வாசலுக்குக் குறுக்கே போட்டுக்கொண்டார்.

என் கையில் இருந்த திருகாணி எங்கோ விழுந்தது. தேடவில்லை. எங்கே வந்துவிடுவாளோ, எங்கே வந்துவிடுவாளோ என்று தெருவையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் வந்தால் இவரைப் பார்க்கமாட்டாள். பார்த்தாலும் உட்கார்ந்திருப்பது ஏதோ ஓர் ஆள். நேராக அவர் காலில் வந்து இடறுவாள். ஐயோ கடவுளே.

ரேடியோவில் அந்தப் பாட்டு வந்தது. வராமல் இருந்தால்தான் அதிசயம். அவர் கண்ணை மூடித் தலையாட்டினார்.

"நல்ல குரல், இல்ல?" என்றார்.

அப்போது அவளைப் பார்த்தேன். தெருவைக் கடந்து, சுவரைத் தொட்டபடி, மெதுவாக வந்தாள்.

கத்தலாம். கத்தினால் அவர் ஒரே தாவலில் வெளியே நிற்பார். தட்டலாம். ஆனால் தட்டி என்ன பயன்? ஊரே தட்டுகிறதே! பாட்டோடு சேர்ந்து தட்டுகிற இன்னொரு கிறுக்கி என்றுதானே நினைப்பாள்? எங்களுக்குள் மட்டும் இருந்த ஒன்றை இந்த ஊர் தின்று ஏப்பம் விட்டுவிட்டது. இதற்கு முன் அதற்காகக் கோபப்பட்டிருக்கிறேன். அந்தக் கணத்தில் அழுகை வந்தது.

அவள் முதல் படியில் கால் வைத்தாள்.

திருப்புளியை எடுத்து இரும்பு மேஜை விளிம்பில் ஓங்கித் தட்டினேன். டக், டக், டடக். தட்டிய கையோடு ரேடியோ வயரைப் பிடுங்கினேன்.

பாட்டு பாதியில் செத்தது. நான் மூச்சுவிடவில்லை. விளம்பரக்காரர்கள் வெட்டி எறிந்த மௌனம் கடை முழுக்க இருந்தது.

படியில் அவள் கால் நின்றது. ஒரு கை கதவு நிலையைத் தேடி வந்து, தொடாமலே பின்வாங்கியது. மறுபடி பார்த்தபோது படி காலியாக இருந்தது.

"ஏன் நிறுத்துனீங்க?" என்றார் அவர். கண் திறந்திருந்தது.

"கேட்டுக் கேட்டுப் புளிச்சுப்போச்சு சார். எனக்கு அந்தப் பாட்டே புடிக்காது."

என்னை நம்பவில்லை. எழுந்து வாசலுக்குப் போய் இரண்டு பக்கமும் பார்த்தார். வேலை விட்டுப் போகிற கூட்டம். கடை மூடும்வரை உட்கார்ந்திருந்துவிட்டு, "நாளைக்கும் வர்றேன்" என்று முதலாளிக்குக் கை கொடுத்துவிட்டுப் போனார்.

லென்ஸில் கீறல், வீட்டில் வைத்துச் சரிபார்க்கிறேன் என்று முதலாளியிடம் பொய் சொல்லிக் கண்ணாடியை எடுத்துக்கொண்டேன். யாராவது பின்தொடர்கிறார்களா என்று நூறு தடவை திரும்பிப் பார்த்தபடி சந்து சந்தாகத் தேடினேன். பேருந்து நிறுத்தத்தில், தூணைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். என் காலடி கேட்டதும் சுருண்டாள்.

"நான்தான்க்கா."

பழையதைக் கழற்றிப் புதுக் கண்ணாடியை மாட்டிவிட்டேன். என் முகத்தை முதல்முறையாகப் பார்த்தாள்.

"பாட்டு நிக்காம இருந்திருந்தா உள்ள வந்திருப்பேன்ம்மா."

அப்போது தூணுக்கு அந்தப் பக்கம் சத்தம். டக், டக், டடக். என் கையை நகம் பதியப் பிடித்தாள்.

"யாரோ காதுல மாட்டிக்கிட்டுப் பாட்டுக் கேக்குறாங்கக்கா. அவர் இல்ல."

"இனிமே எது நீ, எது ஊருன்னு நான் எப்படிக் கண்டுபிடிப்பேன்?"

பேருந்து வந்தது. இதிலே ஏறி எங்கேயாவது போய்விடுங்கள் என்று அவளை முன்னால் தள்ளினேன். ஓட்டுநர் ஸ்டியரிங்கில் விரலால் தட்டிக்கொண்டே பிரேக் போட்டார். டக், டக், டடக்.

அக்கா ஏறவில்லை.