சிப்பாய் பிழைத்தானா?

கால் வருகிற இங்கிலீஷ் மரபுத்தொடர்களையெல்லாம் மிஸ் பாடத்திலிருந்து தூக்கிவிட்டாள். மேடையேறுகிறவனைப் பார்த்துக் காலை உடைத்துக்கொள் என்று வாழ்த்தும் தொடர் போயிற்று. கடைசி நேரத்தில் பின்வாங்குகிறவனுக்குப் பாதம் சில்லிட்டுவிட்டதாகச் சொல்லும் தொடரும் போயிற்று. கல்லறைக்குள் ஒரு கால் வைத்திருப்பதைப் பற்றிய தொடரைக் கேட்கவே வேண்டாம். இந்த இங்கிலீஷ்காரனுக்குக் காலை விட்டால் வேறு பேச்சே கிடையாதா என்று அவளுக்கு எரிச்சலாக வந்தது.

ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு நடப்பது வீட்டு முன்னறையில். நடுவில் ஒரு திரைச்சீலை, அதற்கு அந்தப்பக்கம் கட்டிலில் அவள் புருஷன். பஸ் டிரைவராக இருந்தவர். சர்க்கரை வியாதி அவர் காலில் சின்னப் புண்ணாக ஆரம்பித்து, விரல்களைக் கருக்கி, பாதம் முழுக்கப் பரவிவிட்டது. முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டால் உயிர் தப்பும், தள்ளிப்போட்டால் முழங்காலும் போகும், இன்னும் தள்ளினால் ஆளே போய்விடுவார் என்று டாக்டர் சொல்லியாயிற்று. கையெழுத்துப் போடமாட்டேன் என்று வீட்டுக்கு வந்து படுத்தவர்தான். அவள் அழுதாள், சண்டை போட்டாள், பட்டினிகூடக் கிடந்தாள். கரைப்பார் கரைத்தால் கல்லும் கரையும் என்பார்கள். இந்தக் கல் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டது.

கட்டு மாற்றுவது அவளில்லை. வெளிநாட்டு வேலைக்காக இங்கிலீஷ் படிக்க வருகிற நர்ஸ் பெண், பாடம் தொடங்குமுன் உள்ளே போய் மாற்றிவிட்டு வருவாள். சரியாக அந்த நேரத்தில் மிஸ்ஸுக்குப் போர்டைத் துடைக்கிற வேலை வந்துவிடும். புண் கறுக்க ஆரம்பித்ததிலிருந்து ஒரு தடவைகூட அவள் அந்தக் காலைப் பார்த்ததில்லை. ரத்தத்தைப் பார்த்தால் மயக்கம் வரும் என்று சொல்லிக்கொள்வாள். அது பொய் என்று அவளுக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

அன்றைக்குப் போர்டில் எழுதியது 'பைட் த புல்லட்'. தோட்டாவைக் கடி. காலுமில்லை கையுமில்லை, பார்க்கச் சாதுவான தொடர்.

"அர்த்தம் ரொம்ப ஈஸி. பல்லைக் கடிச்சுக்கிட்டுப் பொறுத்துக்கோன்னு நாம சொல்றோம்ல, அதேதான். ஆனா அவங்க ஏன் தோட்டாவைப் போய்க் கடிச்சாங்க?"

கதை சொல்வதில் மிஸ்ஸை அடித்துக்கொள்ள ஆளில்லை. புத்தகத்தில் 'இப்படியும் சொல்வதுண்டு' என்று இரண்டு வரி இருந்தால் போதும், அவள் வாயில் அதற்குக் கண், காது, மூக்கு எல்லாம் முளைத்துவிடும். "கதை விடறதுக்கு ஃபீஸு வேற வாங்கறா பாரு" என்று புருஷன் நன்றாக இருந்த நாளில் கேலி செய்வார்.

அந்தக் காலத்துப் போர்க்களம் என்று ஆரம்பித்தாள். மயக்க மருந்து கிடையாது. ஒரு சிப்பாயை மேஜையில் கிடத்தி நாலு பேர் அமுக்கிப் பிடித்திருக்கிறார்கள். டாக்டர் அவன் பல்லிடுக்கில் ஒரு தோட்டாவை வைத்து, கடிச்சுக்கோடா என்கிறார். அப்புறம் ரம்பத்தை எடுக்கிறார். மிஸ் உள்ளங்கையை ரம்பமாக்கி மேஜை விளிம்பை அறுத்தாள். "முட்டிக்குக் கீழே வச்சு, கர்க், கர்க்னு..." எல்லா பேட்ச்சிலும் சிரிப்பும் அலறலும் கிளம்புகிற இடம் இது. ஷோரூமில் சேல்ஸ்மேனாக இருக்கிறவன் "ஐயோ மிஸ்!" என்று காதைப் பொத்திக்கொண்டு சிரித்தான். நர்ஸ் பெண் சிரிக்கவில்லை. அவள் திரைச்சீலையைப் பார்த்தாள்.

மிஸ்ஸின் கை அப்படியே நின்றது. தொடரில் இல்லாத காலைத் தன் வாயாலேயே உள்ளே கொண்டுவந்துவிட்டாள். நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போலிருந்தது.

உள்ளேயிருந்து அவர் குரல் வந்தது. "அவன் பொழச்சானா?"

"என்னங்க?"

"அந்தச் சிப்பாய். காலை எடுத்தாங்கல்ல, அப்புறம் பொழச்சானா இல்லையா?"

இத்தனை வருஷத்தில் ஒருத்தரும் இதைக் கேட்டதில்லை. கதை தோட்டாவோடு முடிந்துவிடும், வகுப்பு அடுத்த தொடருக்குப் போய்விடும். மேஜையிலிருந்து அவனை யார் இறக்கினார்கள், எங்கே கொண்டுபோனார்கள் என்று அவளும் யோசித்ததில்லை.

"பொழச்சுட்டான்," என்றாள். "ஊருக்குத் திரும்பிப் போயிட்டான்."

"எப்படிப் போனான்?"

"கட்டை ஊனிக்கிட்டு. மெதுவா."

"வீட்ல பொண்டாட்டி இருந்தாளா?"

"இருந்தா."

"கதவைத் திறந்ததும் அவ எங்க பார்த்தா?"

பேனாவும் கையுமாக எல்லோரும் குனிந்துகொண்டார்கள்.

"இருக்கிற காலையே உன்னால பார்க்க முடியலையேம்மா. இல்லாத காலை எப்படிப் பார்ப்பே?"

குரலில் கோபமில்லை. இருந்திருந்தால் அவளும் பதிலுக்குக் கத்தியிருப்பாள். கத்திக்குப் பயப்படுகிறார், வலிக்குப் பயப்படுகிறார் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாளே, மனுஷன் பயந்ததெல்லாம் அவள் முகத்தைப் பார்த்து.

சாக்பீஸைப் போட்டுவிட்டுத் திரையை விலக்கி உள்ளே போனாள். ஃபினாயிலையும் மீறி ஒரு வாடை அடித்தது. கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்து போர்வையை எடுத்தாள். நர்ஸ் பெண் பின்னாலேயே ஓடிவந்து, "நான் பிரிக்கிறேன் மிஸ்" என்றாள். மிஸ் கேட்கவில்லை. கட்டைச் சுற்றுச்சுற்றாக அவளே பிரித்தாள். பாதம் கரி மாதிரி இருந்தது. விரல்கள் எது எதென்று தெரியவில்லை. கண்ணை மேலே கொண்டுபோனாள். கெண்டைக்காலைச் சுற்றி நீலப் பேனாவால் ஒரு கோடு போட்டிருந்தது. கறுப்பு எதுவரை வந்திருக்கிறது என்று தெரிவதற்காக நர்ஸ் பெண் போட்ட கோடு. கறுப்பு அதைத் தாண்டி நாலு விரற்கடை ஏறியிருந்தது.

"இன்னைக்குக் கட்டு மாத்தும்போதுதான் மிஸ் பார்த்தேன்," என்றாள் நர்ஸ் பெண், மெல்ல. "கிளாஸ் முடிஞ்சதும் சொல்லலாம்னு இருந்தேன்."

மிஸ் பார்வையைத் திருப்பவில்லை. கறுப்பு எட்டாத இடமாகப் பார்த்து முழங்கால்மேல் கையை வைத்தாள். அங்கே தோல் கொதித்தது.

அவர் காலைப் பார்க்கவில்லை. தலையணையிலிருந்து கழுத்தைத் தூக்கி, இமை கொட்டாமல், அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.