கண் திறந்திருந்தவள்

1

நான் ஒரு வாக்கியத்தில் மாட்டிக்கொண்டதால் பிறந்தது இந்தக் கதை. என் கணவரைப் பற்றி நாலு வரி எழுதி வைக்கலாம் என்று உட்கார்ந்தேன். 'பிரார்த்தனை செய்யும்போது அவர் முகம்' என்பதுவரை வந்தது. பேனா அங்கேயே நின்றுவிட்டது.

கல்யாணமான நாளிலிருந்து அவருக்கு எதிரே உட்கார்ந்துதான் சாப்பிட்டேன். சாப்பிடுவதற்கு முன் அவர் வாய்விட்டுப் பிரார்த்திப்பார். நாங்கள் கண்ணை மூடிக்கொள்வோம். ஆகவே அந்த முகத்தை நான் பார்த்ததே இல்லை.

அவர் போனபின் அந்த மேசையில் பிரார்த்தனை நின்றுவிட்டது. நான் தொடங்கினால் 'கடவுளே' என்பதற்கு மேல் குரல் எழும்புவதில்லை. பிரார்த்தனையும் அவரோடு போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது. அந்த முகம் எப்படி இருந்தது என்று தெரிந்தால் தொடர முடியும் என்று ஏனோ தோன்றுகிறது.

(இனி மனைவியை 'அவள்' என்றே எழுதுவேன். 'நான்' என்று எழுதினால் வரிக்கு வரி மூக்கைச் சிந்த வேண்டியிருக்கிறது.)

2

முதல் தொடக்கம்: அவர் பெரிய பக்திமான். தினமும் விடியலில் எழுந்து—

வேண்டாம். இது இரங்கல் கூட்டத்தில் பேசுவது.

இரண்டாவது: அவர் ஃபிரிட்ஜ் ரிப்பேர் செய்பவர்.

இது அவர்தான். சட்டைப்பையில் எப்போதும் ஒரு சின்ன பிரஷ் இருக்கும். செம்புக் குழாயில் சோப்பு நுரையைத் தடவிவிட்டு, எங்கே குமிழ் விடுகிறது என்று குனிந்து பார்த்துக் கசிவைக் கண்டுபிடிப்பார். வீட்டுக்கு வந்து பிரார்த்திக்கும்போதும் வேலையை விடமாட்டார்.

"கடவுளே, மாடி வீட்டு டீச்சரம்மா கம்ப்ரசர் இந்த வெயில மட்டும் தாங்கிடட்டும். அவங்க இன்சுலின் அந்த ஃபிரிட்ஜுக்குள்ளதான் இருக்கு."*

பிரார்த்தனை நீண்டுகொண்டே போகும். அதற்குள் அடுப்பில் பால் பொங்கி வழியும். வாடை மூக்கில் ஏறினாலும் யாரும் கண்ணைத் திறக்கமாட்டார்கள். அவளும் பாலை முன்னமே இறக்கி வைப்போம் என்று ஒருநாளும் நினைத்ததில்லை.

* இதற்கு மகள் வைத்த பெயர் 'வாரண்டி பிரார்த்தனை'.

3

மகளுக்கு வீட்டில் 'வக்கீல்' என்று பெயர். வேலை ரத்தப் பரிசோதனைக் கூடத்தில், வாதாடுவது வீட்டில். ஒரு சாயங்காலம் தட்டைத் தள்ளி வைத்துவிட்டுச் சொன்னாள்.

"அப்பா, எனக்கு நம்பிக்கை இல்லப்பா. ரொம்ப நாளாவே இல்ல. சும்மா கண்ண மூடிட்டு உக்காந்திருந்தா உங்களையே ஏமாத்துற மாதிரி இருக்கு."

"வாயக் கழுவுடி!" என்றாள் அவள். "ஏங்க, கேட்டீங்களா உங்க செல்லம் பேசுறத?"

"நீ கொஞ்சம் இரும்மா." அவர் மகளிடம் திரும்பினார். "சாப்பிட மட்டும் உக்காருவியா?"

"சாப்பாட்டு மேல என்ன கோவம்? உக்காருவேன்."

"அப்ப கண்ணத் திறந்தே வெச்சிரு. யாராவது ஒருத்தர் அடுப்பப் பாத்துக்கணும்ல."

அன்றிலிருந்து பால் பொங்கவில்லை.

4

இங்கே எனக்கே சந்தேகம் வருகிறது. ஒரு மனிதர் இவ்வளவு லேசாகவா எடுத்துக்கொள்வார்? வெள்ளையடித்துவிட்டேனோ?

இல்லை, லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. அன்று பாதிச் சாப்பாட்டில் கையைக் கழுவினார். மறுநாள் ஒரு வீட்டில் ஃபிரிட்ஜ் கதவைக் கழற்றி, கைப்பிடி மேலே போகும்படி தலைகீழாக மாட்டிவிட்டு வந்தார். அந்த வீட்டம்மா போன் செய்து, "அண்ணே, இனிமே நாங்க ஸ்டூல் போட்டுத்தான் திறக்கணுமா?" என்று கேட்டார்.

ஆனாலும் ஒன்றை அவள் கவனித்திருக்கிறாள். டீச்சரம்மாவின் கம்ப்ரசருக்காக வேண்டியவர், 'என் மகளுக்கு நல்ல புத்தி கொடு' என்று ஒருநாளும் வாய்விட்டுக் கேட்டதில்லை. மகள் காதில் விழக்கூடாது என்று

(இந்த வாக்கியத்தை இப்படியே விட்டுவிடுகிறேன்.)

5

அந்த முகத்தைப் பார்த்தது ஒரே ஓர் ஆள்தான். இன்று சாயங்காலம் அவள் கேட்டேவிட்டாள்.

"வக்கீலம்மா, பிரார்த்தனை பண்ணும்போது அப்பா மூஞ்சி எப்படிடி இருக்கும்?"

மகள் யோசிக்கவே இல்லை. "திருட்டு முழி."

"என்னது?"

"ஒரு கண்ணு மூடியிருக்கும். இன்னொண்ணு லேசாத் திறந்திருக்கும். நான் எழுந்து போயிட்டேனான்னு பாப்பாரு. இருக்கேன்னு தெரிஞ்சப்புறம்தான் முடிப்பாரு."

"ஐயோ, அந்த மனுஷன்! இத்தன நாளு ஏண்டி சொல்லல?"

"சொல்லியிருந்தா அவர விட்டு வெச்சிருப்பியா நீ?"

இருவரும் சிரித்தார்கள். சிரிப்பு ஓய்ந்ததும், கண்ணைத் துடைத்துக்கொள்ள இருவருக்கும் ஒரு முந்தானைதான் இருந்தது.

6

முதல் முடிவு: மகள் மனம் மாறிக் கண்களை மூடுகிறாள். இதை எழுதினால் மகளே வந்து கிழித்துப்போடுவாள்.

இரண்டாவது: அம்மா பிரார்த்தனையையே விட்டுவிடுகிறாள். இதை நான் கிழித்துவிட்டேன்.

இதோ, சாப்பாடு மேசைக்கு வந்துவிட்டது. மகள் அவருடைய நாற்காலியை இழுத்துப் போட்டு எனக்கு எதிரே உட்கார்ந்திருக்கிறாள். ('நான்' வந்துவிட்டேன், பாருங்கள்.) பழக்கதோஷம், பாலை அடுப்பிலேயே விட்டுவிட்டேன்.

"அடுப்ப நான் பாத்துக்கிறேம்மா," என்கிறாள். "நீ ஆரம்பி."

கண்ணை மூடிக்கொண்டு எழுத முடியாது. அதனால் குரல் எழும்பியதா, எங்கே நின்றது, எதிரே இருந்தவள் முகம் எப்படி இருந்தது என்பதெல்லாம் எனக்குத் தெரியப்போவதில்லை. ஒரு கண்ணை லேசாகத் திறந்து அவள் இருக்கிறாளா என்று பார்ப்பேனோ என்னவோ. இந்த மேசையில் கண்ணைத் திறந்து வைத்திருப்பது அவளும் நீங்களும்தான்.

பால் பொங்கினால் சொல்லுங்கள்.

கடவுளே,