ஜனவரிக் கப்பல்

பாஸ்கோ முப்பது வருடம் கப்பலில் கரி அள்ளிப் போட்டவர். கடலின் குணம் தனக்குத்தான் தெரியும் என்ற திமிர். நியூயார்க்கில் இருக்கும் மகளைப் பார்க்கப் போகலாம் என்று மனைவி நோரா கேட்கும்போதெல்லாம் ஒரு சாக்கு வைத்திருப்பார். வசந்தத்தில் பனிப்பாறை, கோடையில் மூடுபனி, அதற்கப்புறம் புயல். "உனக்குக் கொமட்டும் நோரா. நல்ல சீசனாப் பாத்துப் போவோம்" என்பார்.

அன்று சவுத்தாம்ப்டன் கப்பல் அலுவலகத்தில் ஜனவரிக்குச் சீட்டுக் கேட்டார்.

"ஜனவரியா? தூக்கித் தூக்கிப் போடுமே," என்றாள் சீட்டு எழுதும் ஹில்டா. "நோராம்மா தாங்க மாட்டாங்க. நடுவுல ரூம் போடட்டுமா? அங்க ஆட்டம் கம்மி."

"முன்பக்கமே போடும்மா," என்றார், கருப்புத் துக்கப் பட்டை கட்டியிருந்த கையை மேஜைக்குக் கீழே இறக்கிக்கொண்டு. "ஒரு சீட்டு போதும்."