கூண்டுக்குள் கை

கேட்டின் கீல் துருப்பிடித்து இறுகிக் கிடந்தது. அண்ணன் சுத்தியலால் அடியில் ரெண்டு போடு போட்டு, தோளைக் கொடுத்து ஒரே தூக்காகத் தூக்கினார். கேட்டு கையோடு வந்துவிட்டது. அதைச் சுவரில் சாய்த்துவிட்டு ஆம்புலன்ஸ்காரர்களைப் பார்த்தார்.

"இப்ப கொண்டாங்க. எங்கயும் இடிக்காம கொண்டாங்க."

அந்தக் கேட்டு அவரே வெல்டிங் வைத்துக் கொடுத்தது. இரும்பை மிச்சம் பிடிக்கிறேன் பேர்வழி என்று குறுக்கிவிட்டார். "அண்ணே, இதுல என் வயிறே நுழையல" என்று தம்பி கிண்டல் பண்ணுவான். "வயித்தைக் குறைடா. கேட்டு சரியாத்தான் இருக்கு" என்பார் இவர். இன்றைக்கு ஸ்ட்ரெச்சர் நுழையவில்லை.

தம்பியை முன்னறைக் கட்டிலில் கிடத்தினார்கள். நெஞ்சு ஒரு மாதிரி இருக்கிறது என்று ஆஸ்பத்திரிக்கு நடந்து போனவன்தான். டாக்டர்கள் என்னென்னவோ காரணம் சொன்னார்கள். அண்ணன் நம்பவில்லை. ஒரு மோட்டார் நின்று போனால்கூட எரிந்த கம்பியை எடுத்துக் கையில் காட்டுவார்கள். இவர்கள் எதையும் காட்டவில்லை. வாயால் சொன்னார்கள், அவ்வளவுதான்.

போர்வையைச் சரி பண்ணும்போது தம்பியின் இடது கை வெளியே வந்தது. மணிக்கட்டிலிருந்து முழங்கை வரைக்கும் கறுப்புக் கறுப்பாகப் புள்ளிகள். சல்லடையைக் கவிழ்த்து வைத்த மாதிரி. அண்ணன் கையிலும் தழும்பு உண்டு, வெல்டிங் பொறி விழுந்து பொசுக்கியது. அது வேலை செய்து வந்த தழும்பு. இது கொசுவுக்குத் தின்னக் கொடுத்து வந்தது. ஊர் உலகமெல்லாம் கொசுவை அடிக்கும். இவன் கூண்டு கட்டி வளர்த்தான். அதற்குச் சம்பளம் வேறு. 'கொசுக்காரன்' என்று பேர் வைத்ததே அண்ணன்தான். கையை மெதுவாக உள்ளே வைத்து மூடினார்.

வாசலில் நாற்காலி போட்டிருந்தது. தம்பி வேலை பார்த்த பல்கலைக்கழகத்து ஆட்கள் வந்து உட்கார்ந்திருந்தார்கள். அண்ணனுக்கு இவர்களைக் கண்டாலே ஆகாது. பக்கத்தில் இருந்த கண்ணாடிக்காரரைக் கேட்டார்.

"நீங்களும் கொசுவா?"

"இல்லைங்க. நான் அரசியல். ஜனங்க ஓட்டுப் போடுறப்ப கடைசி நேரத்துல ஏன் மனசு மாறுறாங்கன்னு ஆராய்ச்சி."

"கண்டுபிடிச்சாச்சா?"

"இன்னும் இல்லைங்க."

"நீங்க கேட்டா எவன் உண்மையைச் சொல்லுவான்?"

"அதுதாங்க பிரச்சினையே" என்றார் அவர், ரொம்ப உண்மையாக.

அடுத்த நாற்காலியில் ஒரு அம்மாள். பழைய ஓவியங்களில் நீல நிறம் ஏன் வெளுக்கிறது என்று பார்க்கிறாராம். வெயிலில் மாட்டினால் வெளுக்கத்தான் செய்யும், இதற்கு ஒரு படிப்பா என்று அண்ணனுக்கு வாய் வரைக்கும் வந்தது. சாவு வீடு என்று அடக்கிக்கொண்டார்.

கடைசியில் இருந்தவர் டாக்டர். அவர் அண்ணனிடம் பேசவில்லை, அந்த அம்மாளிடம்தான் சொன்னார். "இவர் கொசுவை விட்ட தெருக்கள்லேர்ந்து இப்ப ஜுரக் கேஸே அவ்வளவா வர்றதில்ல. போன மழைக்கு எங்க வார்டுல பாதிக் கட்டில் காலி. நானே போய்ப் போய்ப் பாத்துட்டு வந்தேன், காலிக் கட்டிலை."

அண்ணன் எழுந்து கேட்டருகே போய் நின்றுகொண்டார்.

அவர் மகளுக்கு ஜுரம் வந்த அன்றைக்குக் கட்டில் கிடைக்கவில்லை. அப்போது அவளுக்குப் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த வயசு. ஆஸ்பத்திரி வராந்தாவில் துணி விரித்துப் படுக்க வைத்தார்கள். தோளில் தூக்கிக்கொண்டு ஓடியவன் தம்பிதான். ராத்திரியெல்லாம் தரையில் உட்கார்ந்து அவளுக்கு விசிறினான். காலையில் விசிற வேண்டியிருக்கவில்லை. அந்த வருஷம்தான் அவன் செடிப் படிப்பை விட்டுவிட்டுக் கொசுப் படிப்புக்கு மாறினான். ஏன் என்று இவர் கேட்டதில்லை. அவனும் சொன்னதில்லை.

"ஐயா."

திரும்பினார். ஒரு பெண் நின்றாள். ஒரு பக்கக் கன்னம் வீங்கியிருந்தது. அழுத வீக்கம் இல்லை, பல் வீக்கம். தம்பியிடம் ஆராய்ச்சி படிக்கிற பெண். வீட்டுக்கு வந்து போகிறவள்.

"ஐயா, எப்படிக் கேக்குறதுன்னு தெரியல. இன்னைக்குப் போய்க் கேக்குறேன்."

"கேக்க வந்துட்டல்ல. கேளு."

"லேப்ல சாரோட கொசு இருக்குங்க. புது ஈடு, பொரிச்சு நாளாச்சு. இன்னைக்கு ரத்தம் குடிக்கலன்னா முட்டை வைக்காமலே செத்துரும்."

"கோழி ரத்தம், ஆட்டு ரத்தம்னு எதையாவது வைக்க வேண்டியதுதானே?"

"வச்சா குடிக்கும். முட்டைதான் பொரிக்காது. இந்த வகை மனுஷ ரத்தத்துலதான் பிழைக்கும்."

"பழைய முட்டை எதுவும் எடுத்து வைக்கலையா?"

"காய வச்சா இது தாங்காதுங்க. அதனாலதான் சார் ஒரு ஈடு விடாம அவரே கை கொடுப்பார். அவர் ஆஸ்பத்திரிக்குப் போனதும் நான் கொடுத்தேன். இப்ப பல்லுக்கு மாத்திரை போட்டிருக்கேன். அந்தக் கொசு வயித்துல ஒரு நுண்ணுயிர் இருக்குங்க. அதுதான் ஜுரக் கிருமியை வளர விடாம தடுக்குது. மாத்திரை கலந்த ரத்தம் போனா அது செத்துப்போயிடும். அப்புறம் இதுவும் தெருக் கொசு மாதிரிதான்."

"லேப்ல வேற ஆள் இல்ல?"

"கை கொடுக்குறவங்களுக்கு ரத்தம் பாத்திருக்கணும். பாத்தவர் இன்னொருத்தர் வெளிநாட்டுல இருக்கார். அப்புறம் நீங்கதான்."

அண்ணனுக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. போன வருஷம் தம்பி கூட்டிக்கொண்டு போய் ரத்தம் எடுத்தான். "என்னைக்காவது உன் கை வேணும்ணே, இப்பவே பாத்து வச்சுக்குறேன்" என்றான். "போடா கொசுக்காரா, என் கை வெல்டிங்குக்கே பத்தல" என்று இவர் விரட்டினார். ஓசியில் சர்க்கரை பார்த்துச் சொல்வார்கள் என்றுதான் ரத்தம் கொடுத்தது.

"எனக்கு ஜுரம் வந்தா யாரு பதில் சொல்றது?"

"வராதுங்க. அதுங்க லேப்லயே பொறந்தது. வெளி ஆளைக் கடிச்சதே இல்ல. தலைமுறை தலைமுறையா சாரைத்தான் கடிச்சிருக்கு, கடைசியா என்னை." அவள் கொஞ்சம் தயங்கினாள். "சார் சொல்லியிருக்கார். எனக்கு ஏதாவது ஆச்சுன்னா எங்க அண்ணனைக் கேளு, திட்டுவாரு, திட்டி முடிக்கிற வரைக்கும் பேசாம நில்லுன்னு."

"அவன் கெடக்கான்" என்றார். சொன்ன பிறகு கட்டில் பக்கம் பார்த்தார். "மூணு மணிக்கு வண்டி வருது. தம்பியைப் போட்டுட்டுக் கொசுவுக்குச் சோறு ஊட்டப் போறேன்னு சொன்னா நாலு பேர் என்ன பேசுவாங்க?"

அந்தப் பெண் சொல்லிக்கொடுத்தபடி நின்றாள்.

தம்பி மனைவி கட்டிலருகிலிருந்து எழுந்து வந்தாள். எல்லாம் காதில் விழுந்திருக்கிறது.

"போயிட்டு வாங்க மாமா."

"வண்டி வந்துட்டா?"

"நிக்கட்டும். நான் சோறு வச்சு எத்தனை நாள் காத்துக் கிடந்திருக்கேன். 'இரும்மா, புள்ளைங்க இன்னும் குடிச்சு முடிக்கல'ம்பாரு போன்ல. இன்னைக்கு ஒரு நாள் அவரு காத்துக் கிடக்கட்டும்."

லேப் அறைக்குள் கால் வைத்ததும் வெக்கை முகத்தில் அடித்தது. ஈரமான வெக்கை. வரிசையாக வலைக் கூண்டுகள். சுவரில் தம்பியின் பழைய வெள்ளைக் கோட்டு தொங்கியது. கூண்டுகளின் அடியில் முட்டுக் கொடுத்திருந்த இரும்புச் சட்டம் அண்ணன் அடித்ததுதான். பட்டறையில் கேட்டு வாங்கிப் போனான், எதற்கென்று சொல்லவில்லை. குனிந்து ஒரு வெல்டிங் ஒட்டைத் தடவிப் பார்த்தார். இன்னும் விடவில்லை.

"வெறும் தண்ணியில கழுவுங்க ஐயா. சோப்பு வேண்டாம். வாசனை பிடிக்காது."

"மாப்பிள்ளை வீட்டுக்காரன் தோத்தான் போ" என்று முனகிக்கொண்டே கழுவினார்.

கூண்டின் பக்கத்தில் துணிக் குழாய் மாதிரி ஒரு வாய். அதற்குள் இடது கையை விட்டார். ஒன்றும் வரவில்லை.

"தழும்புல உட்காராதுங்க. திருப்பி வைங்க."

உள்ளங்கையை மேலே பார்க்கத் திருப்பினார். வெல்டிங் பொறி படாத பக்கம். வெள்ளையாக, நரம்பு தெரிந்தது. ஒன்று வந்து உட்கார்ந்தது. பிறகு இரண்டு. பிறகு கை முழுக்க. சுருக்கென்றது. வலது கை தன்னாலேயே எழுந்தது, அடிக்க. பிறந்ததிலிருந்து பழகிய கை. அதை இறக்கி முட்டியில் வைத்து அழுத்திக்கொண்டார்.

"தினமும் இப்படித்தானா?"

"ஈடு வர்றப்பெல்லாம். ஞாயித்துக்கிழமைகூட வருவார். குடிச்சு முடியிற வரைக்கும் கையை அசைக்க மாட்டார். மூக்கு அரிச்சா என்னைச் சொறியச் சொல்லுவார்."

அண்ணன் கூண்டுக்குள் பார்த்தார். சின்னச் சின்ன வயிறுகள் மெல்ல மெல்லச் சிவந்துகொண்டு வந்தன. குடித்தவை கனத்துப்போய், பறக்க மாட்டாமல் பறந்து, வலையில் ஒட்டிக்கொண்டன. அவ்வளவு வருஷமாக அவன் வேலையை இவர் வந்து பார்த்ததில்லை. தம்பி கூப்பிட்டுக்கொண்டேதான் இருந்தான்.

அவர் சட்டைப் பையில் போன் அடித்தது. அந்தப் பெண் எடுத்துக் கேட்டாள்.

"வண்டி வந்துருச்சாங்க. எல்லாம் குடிச்சிருச்சு ஐயா, கையை எடுத்துக்கலாம்."

"அது?"

கூண்டின் மூலையில் ஒன்று தனியாக உட்கார்ந்திருந்தது. வயிறு ஒட்டிப்போய், கறுப்பாக.

"அது ஆம்பளையா? ஆம்பளைக் கொசு கடிக்காதும்பானே அவன்."

அவள் குனிந்து பார்த்தாள். "இல்லைங்க. பொண்ணுதான். சிலது வராது. பரவாயில்ல, எடுங்க. அங்க காத்துக்கிட்டிருக்காங்க."

"இரும்மா" என்றார் அண்ணன். "அது ஒண்ணு இன்னும் குடிக்கல."

கையை அந்த மூலைக்குப் பக்கமாக, மிக மெதுவாக, நகர்த்தி வைத்தார்.