கொலையாளி உள்ளேயா, வெளியேயா?

"கொலையாளி யார்னு சொல்ற அத்தியாயத்தைக் கழட்டும்மா. அதை ஆட்-ஆனா, தனி விலைக்கு விடறோம்" என்றார் கேம் கம்பெனி முதலாளி ராஜவேலு.

இளவரசிக்குச் சுருக்கென்றது. காஞ்சிபுரம் காந்தி ரோட்டில், ராஜவேலுவின் அப்பா நடத்தும் பட்டுக்கடைக்கு மேல்மாடியில் உட்கார்ந்து அவள் கதை எழுதிய வீடியோ கேம். கருட சேவைக் கூட்டத்தில் ஒரு பட்டு வியாபாரி செத்துக் கிடக்கிறார்; கண்டுபிடிப்பது விளையாடுகிறவர் வேலை. 'கதை: இளவரசி' என்று முதன்முறையாகத் திரையில் வரப்போகிறது. மொட்டைக் கதைக்கா அந்தப் பெயர்?

"முந்தி இல்லாத புடவையை விப்பீங்களாண்ணா?"

"முந்தியைத் தனியா நெய்ஞ்சு பிணைக்கிறது நம்ம ஊர் வழக்கம்தானே?"

"பிணைச்சுட்டுத்தானே விக்கிறோம்!"

ராஜவேலு சிரித்துவிட்டார். "சரி, திரிஷா விளையாடட்டும். கடைசியில வர்ற பூட்டைப் பார்த்து மீதியை வாங்கத் துடிச்சாள்னா நான் ஜெயிச்சேன்."

கேமைச் சோதிக்க வரும் கல்லூரிப் பெண் திரிஷா, நகத்தைக் கடித்துக்கொண்டு விளையாடினாள். கடைசிக் கதவு. பூட்டு. 'மீதிக் கதை ஆட்-ஆனில்.'

"போங்கப்பா! மச்சான்காரன்தான் கொன்னான்னு நானே வெச்சுக்கறேன்." போனைக் கவிழ்த்தாள். "டீ சொல்லிட்டீங்களா?"

துடிப்பு இல்லை. கோபம்கூட இல்லை. ராஜவேலுவின் முகம் தொங்கிப்போனது.

இளவரசி முழுக் கதையையும் ஏற்றிக் கொடுத்தாள். வந்த டீ ஆறிப்போனது. மச்சான் இல்லை, வியாபாரியின் கூட்டாளி! திரிஷா வாய் பிளந்தாள். "அக்கா, அந்த வாட்ச்மேன் கண்ணாயிரம் ஏன் சிரிச்சிக்கினே இருந்தான்? அவன் கதை இருக்குதா?"

ராஜவேலு நிமிர்ந்தார். "முடிவு உள்ளேயே இருக்கட்டும். வாட்ச்மேன் கதையை ஆட்-ஆனா வெளியே விடு."

ஜெயித்த தெம்பில் இளவரசி எழுத உட்கார்ந்தாள். கண்ணாயிரம் அன்றைக்குக் கூட்டத்தில் எதைப் பார்த்தான்? கை ஓடியது. 'கூட்டாளி கத்தியை எடுத்தபோது வியாபாரி ஏற்கெனவே செத்திருந்தார்' என்று ஒரு வரி தானாக வந்து விழுந்தது. உடம்பு சிலிர்த்தது. அவள் எழுதியதிலேயே இதுதான் உச்சம்.

சிலிர்ப்பு அடங்கியதும் உறைத்தது. இந்த வரி வெளியே இருந்தால், உள்ளே இருக்கும் முடிவு பொய். ராஜவேலு முதலில் கேட்ட பூட்டை, இப்போது யாரும் கேட்காமல் அவளே மாட்டிக்கொண்டிருக்கிறாள்.

அழிக்கவா? மனசு வரவில்லை. எழுந்து போனாள்.

"அண்ணா, கண்ணாயிரமும் உள்ளேதான்."

ராஜவேலு தலையில் கை வைத்தார். "அப்போ வெளியே விக்க என்னதான்மா இருக்குது?"

"முந்திக்குக் குஞ்சம் கட்டறோமே, வேணும்ங்கிறவங்களுக்கு மட்டும்? அது மாதிரி எதையாவது யோசிக்கிறேன். இல்லைன்னாலும் புடவை புடவைதானேண்ணா."