வெளியே மட்டும்

குற்றாலத்தில் சாரல் தொடங்கிவிட்டால் அந்தப் பக்கத்துக்காரர்களுக்குப் பெண் பார்ப்பதில் ஒரு வசதி உண்டு. யார் வீட்டுக்கும் யாரும் போக வேண்டியதில்லை. குளிக்க வந்த இடத்தில் தற்செயலாகச் சந்தித்ததுபோல் இரண்டு குடும்பங்களும் சந்தித்துக்கொள்ளலாம். பிடித்தால் மேற்கொண்டு பேசலாம். பிடிக்காவிட்டால் குளித்தது மிச்சம். குழல்வாய்மொழி இப்படிப் பல சாரல்களில் குளித்துவிட்டாள். முப்பத்துமூன்று வயதில் அவளுக்கு அருவியைக் கண்டாலே அலுப்பாக இருந்தது.

இந்தத் தடவை ஒரு பொய்யும் கூட வந்திருந்தது. வரன் தேடும் செயலியில் அவள் பெயருக்குக் கீழே ‘நான்வெஜ்’ என்றிருந்ததை அழித்துவிட்டு, அண்ணன் பேச்சிராஜ் ‘ப்யூர் வெஜ்’ என்று போட்டிருந்தான். போட்ட கொஞ்ச நாளில் வீரகேரளம்புதூரிலிருந்து இந்தச் சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளை புவனேஷுக்குப் பெங்களூரில் வேலை. அவன் பெயருக்குக் கீழே ‘எக்கிடேரியன்’ என்றிருந்தது.

“முட்டை மட்டும் திம்பானாம். அதுக்கு ஒரு பேரு!” வேனில் வரும்போது பேச்சிராஜின் மனைவி இசக்கிச்செல்வி மைனி சிரித்தாள். “அப்போ, கருவாடு இல்லாம சோறு எறங்காத எங்க அண்ணனுக்கு என்ன பேராம்?”

“ஏட்டி, வாயை மூடிட்டு வா. மீனு, கருவாடுன்னு இன்னைக்கு ஒரு பேச்சு வரக்கூடாது, சொல்லிட்டேன்,” என்றான் பேச்சிராஜ்.

ஐந்தருவியில் பெண்கள் பக்கம் நல்ல கூட்டம். மாப்பிள்ளையின் அம்மா சங்கரேஸ்வரி குழல்வாய்மொழியின் கையைப் பிடித்துத் தன்னோடு தண்ணீருக்குள் இழுத்துக்கொண்டார். வழுக்கிவிடக் கூடாதென்று கடைசிவரை அந்தக் கையை விடவில்லை. நல்ல மனுஷிதான் என்று அவள் நினைத்தாள். அப்படி நினைத்ததே பாரமாக இருந்தது.

குளித்து வந்ததும் எல்லோருக்கும் அகோரப் பசி. சைவ ஓட்டல் ஒன்றில் உட்கார்ந்தார்கள். பக்கத்துக் கடையிலிருந்து கோழிச் சால்னாவின் மணம் வந்தது. சங்கரேஸ்வரி ஈர முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டார்.

“எனக்கு அந்த வாடையே ஆகாதும்மா. அது பட்ட பாத்திரத்துல தண்ணிகூட இறங்காது. நீ ப்யூர் வெஜ்ஜுன்னு பார்த்ததுமே மனசு நெறைஞ்சு போச்சு.”

பேச்சிராஜ் பல்லெல்லாம் தெரியச் சிரித்தான். குழல்வாய்மொழி தலையைக் குனிந்துகொண்டாள்.

பிள்ளைகள் இரண்டும் கொஞ்சம் பேசிவிட்டு வரட்டுமே என்று பெரியவர்கள் அனுப்பிவைத்தார்கள். வாசலில் ரம்புட்டான் விற்கும் தள்ளுவண்டியின் ஓரத்தில் போய் நின்றார்கள்.

“ஒண்ணு சொல்லணும். நான் மீன் சாப்பிடுவேன். அண்ணன்தான் மாத்திப் போட்டுட்டாங்க.”

புவனேஷ் வாய்விட்டுச் சிரித்தான். “அட, இவ்வளவுதானா! எனக்கு அங்கன பிரியாணி இல்லாம ஞாயித்துக்கிழமையே கிடையாது. எங்க ஆபீஸ்ல என்னைய மாதிரி ஆளுக்கு அவுட்சைட் நான்வெஜ்னு பேரு. வீட்டுல வெஜ். வெளிய மட்டும் எல்லாம் உண்டு.”

“அத்தைக்குத் தெரியுமா?”

“தெரிஞ்சா அவ்வளவுதான். ரெண்டு சோம்பை மென்னுட்டுப் போனா முடிஞ்சுது. நீங்களும் அப்படியே இருந்துக்கோங்க.”

“கல்யாணத்துக்கப்புறம் அத்தை எங்க இருப்பாங்க?”

“நம்மகூடத்தான். நீங்களும் உடனே வேலைக்கு அலைய வேண்டாம். கொஞ்ச நாள் வீட்டைப் பாருங்க. அம்மாவுக்கும் துணையாச்சு.”

கெட்டவனில்லை. நல்ல வழி சொல்லிவிட்ட நிம்மதியோடுதான் நின்றுகொண்டிருந்தான். அவனுக்கு வெளியே என்று ஓர் இடம் இருந்தது. தினமும் காலையில் செருப்பை மாட்டிக்கொண்டு அங்கே போய்விடுவான். தான் எந்த வெளியே போவது என்று அவள் யோசித்துப் பார்த்தாள். மீன் பெரிய விஷயமில்லை. கிடைக்காத மாதங்களில் அதன் நினைப்புகூட வருவதில்லை. ஆனால் எப்போதாவது தின்றுவிட்டு, கதவைத் தட்டுமுன் விரல்களை முகர்ந்து பார்த்து, அந்த நல்ல மனுஷியின் முன்னால் வாயைத் திறக்கப் பயந்து... நினைக்கும்போதே, அத்தனை வருஷத்தையும் வாழ்ந்து முடித்ததுபோல் களைப்பாக இருந்தது.

திரும்பி வந்து உட்கார்ந்தார்கள். சங்கரேஸ்வரி தன் தட்டிலிருந்து ஒரு வடையை எடுத்து அவள் தட்டில் வைத்தார்.

“அத்தை, நான் மீன் சாப்பிடுவேன்.”

மேஜைக்கடியில் பேச்சிராஜின் கால் அவள் காலை மிதித்தது. மைனி தம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சங்கரேஸ்வரிக்குக் கோபம் வரவில்லை. முகம்தான் விழுந்துவிட்டது. “விட்டிருவியா தாயி? எங்க மூத்த மருமகளும் திங்கிற வீடுதான். எனக்காக விட்டுட்டா.”

கெஞ்சுவதுபோல் இருந்தது அந்தக் குரல். ஒரு ‘சரி’ போதும். அவள் நிமிர்ந்தாள். அம்மாவின் தோளுக்குப் பின்னாலிருந்து புவனேஷ் கண்ணால் ஜாடை காட்டினான். சரின்னு சொல்லுங்க, அப்புறம் பார்த்துக்கலாம்.

“விடமாட்டேன் அத்தை.”

“சரிம்மா. முன்னாடியே சொன்னியே, அதுவே போதும்,” என்றார் சங்கரேஸ்வரி. சொல்லும்போதே அவர் கை தன் தண்ணீர் தம்ளரைச் சற்றுத் தள்ளி வைத்துக்கொண்டது. வேண்டுமென்று செய்ததல்ல, கையின் பழக்கம்.

அவர்கள் எழுந்து போனபிறகு பேச்சிராஜ் பல்லைக் கடித்தான். “அடுத்த சாரலுக்கு உனக்கு முப்பத்துநாலு.”

“ஆகட்டும்ண்ணே.”

குரலில் வீம்பு எதுவும் இல்லை. பசித்தது. வடையைப் பிட்டுச் சாம்பாரில் தோய்த்து மெதுவாகச் சாப்பிடத் தொடங்கினாள்.