சத்தம் போடாத நான்கு நாள்

அந்த வீட்டில் யாருக்கும் மெதுவாகப் பேச வராது. அதைத் திமிர் என்று அக்கம்பக்கத்தார் நினைத்தார்கள். உண்மையில் அது தொழில் கொடுத்த குரல். வீட்டுக்காரர் முப்பத்தைந்து வருடம் லிப்ட் மெக்கானிக்காக இருந்தவர். பத்தாவது மாடியில் நின்றுகொண்டு அடிக்குழியில் இருப்பவனிடம் "கையை எடு" என்று மெதுவாகச் சொன்னால் அவனுக்குக் கை மிஞ்சாது. அவர் மனைவி ஆயத்த ஆடை ஆலையில் சூப்பர்வைசர். இருநூறு தையல் மெஷின் ஓடுகிற கூடத்தில் கடைசி வரிசைப் பெண்ணின் கோணல் தையலை முதல் வரிசையில் நின்றே திருத்துவாள். அவள் வாசலில் நின்று "ஏங்க!" என்று கூப்பிட்டால் தெருவில் இருக்கிற எல்லாக் கணவர்களும் ஒரு நொடி திடுக்கிட்டு, நமக்கில்லை என்று தெரிந்ததும் மூச்சு விடுவார்கள்.

அப்பேர்ப்பட்ட வீடு திங்கட்கிழமை முதல் வாயை மூடிக்கொண்டது.

அன்றுதான் டாக்டர் அவளையும் பிள்ளைகளையும் உள்ளே கூப்பிட்டுச் சொன்னார். மெக்கானிக் அப்போது வெளியே பெஞ்சில் இருந்தார்.

"மூணு ரத்தக்குழாய்ல அடைப்பு இருக்கும்மா. தள்ளிப்போட முடியாது. வெள்ளிக்கிழமை காலைல ஆபரேஷன். பண்ணினா நல்லா இருப்பார். பண்ணலைன்னா நான் எதுவும் சொல்றதுக்கில்ல. வியாழக்கிழமை சாயந்திரம் வந்து சேர்ந்துடணும், கையெழுத்து அவர்தான் போடணும். அதுவரைக்கும் மனுஷரை நிம்மதியா வச்சுக்குங்க."

நிம்மதி என்ற அந்த ஒரு சொல்லை மூத்த மகன் பிடித்துக்கொண்டான். அவன் பெரிய ஆபீஸ் ஒன்றில் ஊழியர்களுக்கு எப்படிப் பேசுவது என்று வகுப்பு எடுப்பவன். வளர்ந்த ஆட்களுக்குப் பேசக் கற்றுக்கொடுக்கச் சம்பளம் தருகிறார்கள் என்பதை மெக்கானிக் இன்றுவரை நம்பவில்லை. வீட்டுக்கு வந்ததும் மகன் ஒரு தாளை அச்செடுத்து ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினான். குரல் உயரக் கூடாது, கெட்ட செய்தி கூடாது, அப்பா என்ன சொன்னாலும் மறுத்துப் பேசக் கூடாது, முகத்தில் எப்போதும் புன்னகை இருக்க வேண்டும். கீழே சிவப்பு எழுத்தில், 'அம்மா கவனிக்கவும்.'

"ஆபரேஷன்னு சொன்னா பயந்துருவார்மா. சின்ன சிகிச்சை, ஒரு கையெழுத்து, அவ்வளவுதான்னு நான் பக்குவமா சொல்லிட்டேன்" என்றான்.

அவள் தலையாட்டினாள். அவர் பிழைக்க வேண்டும். அதற்கு வாயைத் தைத்துக்கொள்ளச் சொன்னால் அவளே நூல் கோத்துக் கொடுப்பாள்.

ஆனால் செவ்வாய்க்கிழமை காலையிலேயே சோதனை வந்தது. மெக்கானிக் குளித்துவிட்டு வந்து, முப்பத்தெட்டு வருடப் பழக்கப்படி, ஈரத் துண்டை மெத்தைமேல் போட்டார். போட்டுவிட்டு, வழக்கமான இடிமுழக்கத்துக்காகத் தோளைக் குறுக்கிக்கொண்டு காத்திருந்தார். அவள் வந்தாள். துண்டைப் பார்த்தாள். வாய் தானாகத் திறந்தது. திறந்ததைப் புன்னகையாக மாற்றிக்கொண்டாள். துண்டை எடுத்துப்போய்க் கொடியில் காயப்போட்டுவிட்டு, கொல்லைச் சுவரைப் பார்த்து ஐந்து நிமிடம் உதட்டசைவில் மட்டும் திட்டினாள். அறைக்குள் மெக்கானிக்கின் முகம் சுருங்கிப்போனதை அவள் பார்க்கவில்லை.

மகளோ மழலையர் பள்ளி ஆசிரியை. "எங்க அப்பா சமத்து! மாத்திரையை ஒரே மடக்குல முழுங்கிட்டாரே!" என்று கைதட்டினாள். அவர் உப்பில்லாத சாப்பாட்டைத் தள்ளிவைத்தால் ஸ்பூனை ஆகாய விமானமாக்கிக் காட்டினாள். முப்பது மாடிக் கட்டடத்தில் அறுந்த கம்பிவடத்தைத் தனியாளாக மாற்றியவர், மகளின் மனம் நோகக் கூடாது என்று வாயைத் திறந்தார்.

பார்க்க வந்தவர்களையும் வாசலிலேயே நிறுத்தி மகன் பாடம் நடத்தினான். பொதுவாக இதய நோயாளியைப் பார்க்க வருகிற சொந்தக்காரர்கள், அதே நோயில் போய்ச்சேர்ந்த நாலு பேருடைய கதையைக் கையோடு கொண்டுவருவார்கள். இங்கே அதற்குத் தடை என்றதும் பேச விஷயமில்லாமல் வரிசையாக உட்கார்ந்து, மெக்கானிக்கைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே இருந்தார்கள்.

புதன்கிழமை மெக்கானிக்கின் தம்பி வந்தார். அவர்தான் எல்லாவற்றுக்கும் சிகரம். பதினோரு வருடத்துக்கு முன்னால் அண்ணனின் டிரில் மெஷினை இரவல் வாங்கிப்போய், மோட்டாரைக் கருக்கித் திருப்பிக் கொடுத்தவர். "முன்னாடியே கோளாறு" என்று அவரும், "நீதான் எரிச்ச" என்று இவரும் நின்றதில் அன்றோடு பேச்சுவார்த்தை நின்றிருந்தது. அவர் இப்போது அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டு, "அண்ணே, தப்பு என் மேலதான். நான்தான் எரிச்சேன்" என்றார்.

மெக்கானிக் வெலவெலத்துப் போனார். தம்பியைத் தெரியாதவரா அவர்? கடவுளே நேரில் வந்து கேட்டாலும் ஒப்புக்கொள்ளாத ஆள்! கட்டிலடியில் இருந்த ஸ்பேனர் பெட்டியைத் தம்பியிடம் எடுத்துப்போகச் சொன்னார். பெற்ற பிள்ளைகளைக்கூட அந்தப் பெட்டியை அவர் தொடவிட்டதில்லை.

வியாழக்கிழமை மத்தியானம், பையெல்லாம் கட்டி வைத்தபிறகு, அவர் நிதானமாகச் சொன்னார்.

"நான் ஆஸ்பத்திரிக்கு வரல. இருக்கிற நாளை இங்கேயே இருந்துட்டுப் போறேன்."

மகள் மகனைப் பார்த்தாள். மகன் ஃபிரிட்ஜைப் பார்த்தான். அவன் எழுதிய மூன்றாவது விதி அவனையே பார்த்தது.

"சரிப்பா, உங்க இஷ்டம்" என்றான் புன்னகையோடு. வெளியே போய்த் தூணைப் பிடித்துக்கொண்டான். பிள்ளையார் பிடிக்கப்போய்க் குரங்காகி, அந்தக் குரங்கு இப்போது தோளில் உட்கார்ந்திருந்தது.

அவள் மட்டும் அறைக்குள் போனாள். அவர் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில், மெத்தைமேல், ஈரத் துண்டு.

"ஏன் வரமாட்டேங்கிறீங்க?" என்று கேட்டாள், மகன் சொல்லிக்கொடுத்த குரலில்.

"எனக்கு எல்லாம் தெரியும்மா. லிப்டு ஓடுற வரைக்கும்தான் எல்லாரும் அதைத் திட்டுவாங்க, எட்டி உதைப்பாங்க. இனிமே தேறாது, கழட்டிடலாம்னு முடிவு பண்ணிட்டா ஒருத்தன் திட்டமாட்டான். போறவன் வர்றவன் எல்லாம் தட்டிக்குடுத்து, 'நல்லா உழைச்ச மெஷின்யா'ம்பான். நான் எத்தனையைத் தட்டிக்குடுத்திருக்கேன்!" அவர் துண்டைக் காட்டினார். "மூணு நாளா வேணும்னேதான் போடுறேன். மொதல் நாள்தான் பழக்கதோஷம். இன்னிக்காவது திட்டுவியான்னு பார்த்தேன். நீயே திட்டலைன்னா டாக்டர் என்ன சொல்லியிருப்பார்னு எனக்குத் தெரியாதா?"

அவள் துண்டைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். நான்கு நாள் அடைத்து வைத்த அணை உடைந்தது.

"ஏங்க!"

எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது.

"வேணும்னே போட்டீங்களா? மனுஷனா நீங்க? மெத்தை நாறுது, போடாதீங்க போடாதீங்கன்னு கல்யாணமான மறுநாள்லேர்ந்து கத்துறேன், காதுல விழுந்துச்சா? இப்ப சாகப்போறாராம்! யாரைக் கேட்டுச் சாகப்போறீங்க? நாளைக்கு ஆபரேஷன், பண்ணினா நல்லா இருப்பார்னு டாக்டர் என் மூஞ்சிக்கு நேரா சொல்லியிருக்கார். இவரு அதுக்குள்ள ஸ்பேனரைப் பங்கு போடுறாரு! அதுவும் யாருக்கு? ஒரு டிரில் மெஷினை ஒழுங்கா திருப்பிக் குடுக்கத் தெரியாத ஆளுக்கு! எந்திரிங்க! சட்டையை மாட்டுங்க!"

மகன் மாத்திரையோடும் மகள் தண்ணீரோடும் ஓடிவந்தார்கள். மெக்கானிக் நெஞ்சில் கைவைத்தபடி உட்கார்ந்திருந்தார். கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது, வாய் சிரித்துக்கொண்டிருந்தது.

"நெசமாவே நல்லா இருப்பார்னா சொன்னார்?"

"பொய் சொல்றவ இப்படியா தொண்டை கிழியக் கத்துவா?" என்றாள். அப்புறம் அவளும் அழுதாள்.

சாயந்திரம் அவரே கையெழுத்துப் போட்டார். போகிற வழியில் தம்பிக்கு போன் செய்து பெட்டியைத் திருப்பிக் கேட்டார். தம்பியும் உடனே, மோட்டார் முன்னாடியே கோளாறுதான் என்று சொல்லிவிட்டாராம்.

வெள்ளிக்கிழமை அறுவைச் சிகிச்சை ஐந்து மணி நேரம் நடந்தது. அந்த ஐந்து மணி நேரமும் அவள் யாரோடும் பேசவில்லை, யாரும் தாள் ஒட்டிச் சொல்லவும் இல்லை. டாக்டர் வந்து, நல்லபடியாக முடிந்தது என்றார். மறுநாள் காலை தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒருவரை மட்டும் உள்ளே விட்டார்கள்.

"மெதுவா பேசணும்மா" என்று நர்ஸ் எச்சரித்தாள்.

உடம்பெல்லாம் குழாயோடு படுத்திருந்தவர் கண்ணைத் திறந்தார். எங்கே இருக்கிறோம் என்று விளங்காமல் கூரையைப் பார்த்தார், பிறகு அவளைப் பார்த்தார். "எப்படி இருக்கீங்க?" என்று அவள் கிசுகிசுத்தாள். உடனே அவர் கண்ணில் அந்தப் பழைய பயம் வந்து உட்கார்ந்துகொண்டது.

அவளுக்குப் புரிந்துவிட்டது. நர்ஸின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"சிஸ்டர், ஒரே ஒரு வார்த்தை சத்தமா சொல்லிக்கிறேன். இல்லன்னா மனுஷன் பயந்துக்குவார்."

நர்ஸ் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். சுற்றிலும் பார்த்தாள். பிறகு போய்த் திரையை இழுத்துவிட்டாள்.

"ஒண்ணுதான்."

"ஏங்க!" என்றாள் அவள்.

அவர் முகம் தளர்ந்தது. கண்ணை மூடிக்கொண்டு நிம்மதியாகத் தூங்கிப்போனார்.